சிலிக்கான் மேல் ஒரு சொட்டு: டி.என்.ஏ. சிப் துறையில் வேலை எங்கே இருக்கிறது?

டி.என்.ஏ.வைக் கண்டறியும் சிப் என்றதும் ஈ.சி.ஈ. மாணவர் "அது பயோடெக் சமாச்சாரம்" என்று நகர்ந்துவிடுகிறார். பயோடெக் மாணவி "சிப்பெல்லாம் நமக்கு எதுக்கு?" என்கிறார். இருவரும் தாண்டிப் போகும் அந்த நடுவிடத்தில்தான் ஆள் பஞ்சம். சிப் வரைய ஆள் இருக்கிறார்கள். பி.சி.ஆர். ஓட்டவும் இருக்கிறார்கள். ஈரமான ஒரு சொட்டு சிலிக்கானைத் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அங்கே போக நினைப்பவர்களுக்காக இது. முதலில் அறிவியலைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அது புரியாமல் இந்தத் துறையில் வேலை தேடுவது வீண் அலைச்சல்.

புரோட்டானைக் கவனிக்கும் டிரான்சிஸ்டர்

டி.என்.ஏ. இழை நகலெடுக்கப்படும்போது, புதிதாகச் சேரும் ஒவ்வொரு நியூக்ளியோடைடுக்கும் ஒரு ஹைட்ரஜன் அயனி, அதாவது ஒரு புரோட்டான், கரைசலில் விடுபடுகிறது. நகல்கள் கோடிக்கணக்கில் பெருகினால் கரைசல் கொஞ்சம் அமிலமாகும், பி.எச். இறங்கும். அந்த இறக்கத்தை மின்னழுத்தமாக மாற்றித் தரும் டிரான்சிஸ்டரின் பெயர் ஐஸ்ஃபெட். மாஸ்ஃபெட்டின் உலோக கேட்டை நீக்கிவிட்டு அங்கே கரைசலையும் ஒரு ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடையும் வைத்தால் கிடைப்பது அது. நெதர்லாந்தின் ட்வென்டேயில் பணியாற்றிய பீட் பெர்க்வெல்ட் 1970இல் இதை வெளியிட்டார். அவர் மனதில் இருந்தது நரம்பியல் அளவீடு. டி.என்.ஏ.வை அவர் நினைத்திருக்கவில்லை.

டி.என்.ஏ. பக்கம் இதைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கிறிஸ் டூமாசூ. அடிப்படையில் அவர் அனலாக் சர்க்யூட் ஆள். மகனின் சிறுநீரக நோய்தான் அவரை மரபணுப் பக்கம் இழுத்தது. 2003இல் டி.என்.ஏ. எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2014இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது பெற்றார். உயிரியல் படிக்காத ஒருவர் இந்தத் துறையை நடத்திச் சென்றிருக்கிறார் என்பதை ஈ.சி.ஈ. மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இதே தத்துவத்தைப் பெரிய அளவில் செய்துகாட்டியது அமெரிக்காவின் ஐயான் டோரன்ட். ஜோனதன் ராத்பெர்க் தொடங்கிய இந்த நிறுவனத்தை 2010இல் லைஃப் டெக்னாலஜீஸ் வாங்கியது. மறு ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்த அவர்களுடைய கட்டுரையில், லட்சக்கணக்கான ஐஸ்ஃபெட்டுகள் கொண்ட சிப்பால் ஒரு மனிதரின் மரபணுத் தொகுதியை வாசித்திருந்தார்கள். அந்த மனிதர் கார்டன் மூர். 'மூர் விதி'யின் அதே மூர். சிப் உலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளம்பரம் யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆனால் அது வரிசை படிக்கும் ஆய்வகக் கருவி. நோயாளி அருகிலேயே வைத்துச் செய்யும் பரிசோதனைக்குக் கேள்வி சின்னது: இந்தக் கிருமி இருக்கிறதா, இல்லையா? பி.சி.ஆர். என்றால் 95 டிகிரிக்கு ஏற்றி, 60க்கு இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். 2000இல் ஜப்பானில் நொடோமி குழு வெளியிட்ட லேம்ப் முறைக்கு ஒரே வெப்பநிலை போதும், 60 முதல் 65 டிகிரி வரை. பேட்டரியில் ஓடும் சின்ன ஹீட்டரே அதைப் பார்த்துக்கொள்ளும். பெருக்குவதையும் கண்டறிவதையும் ஒரே சிப்பில் செய்துகாட்டிய டூமாசூ குழுவின் கட்டுரை 2013இல் 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழில் வந்தது. விளக்கு வேண்டாம், ஃபில்டர் வேண்டாம், கேமரா வேண்டாம். சாதாரண சிமாஸ் ஃபவுண்டரியில் சிப்பை அச்சடித்துக்கொள்ளலாம். கவர்ச்சி அங்கேதான்.

சிப் எளிது, மற்றதுதான் கடினம்

ஐஸ்ஃபெட்டுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அப்படியிருந்தும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏன் அதைக் காணோம்? இந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தத் துறையின் வேலைவாய்ப்புப் பட்டியல்.

டிரிஃப்டிலிருந்து, அதாவது அளவீடு தானாக நகர்வதிலிருந்து, தொடங்குவோம். 25 டிகிரியில் ஒரு பி.எச். மாறினால் கோட்பாட்டுப்படி அதிகபட்சம் 59 மில்லிவோல்ட் கிடைக்கும். லேம்ப் ஓடும் 63 டிகிரியில் 67 அளவுக்கு வரும். ஃபவுண்டரியிலிருந்து வரும் சிப்பின் சிலிக்கான் நைட்ரைடு மேற்பரப்பு அதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும். அரை மணி நேர வினையில் இந்தச் சின்ன மாற்றத்தைப் பிடிக்க வேண்டும். அதே அரை மணியில் அந்த மேற்பரப்பு தண்ணீரை உறிஞ்சித் தன்பாட்டுக்கு மின்னழுத்தத்தை நகர்த்திக்கொண்டிருக்கும். வெப்பநிலை ஒரு டிகிரி ஆடினாலும் அளவீடு ஆடும். தயாரிப்பின்போதே சிக்கிக்கொண்ட மின்னூட்டத்தால் ஒரே வரிசையின் இரண்டு சென்சார்கள் வெவ்வேறு இடங்களில் தொடங்கும். சிக்னல் எது, டிரிஃப்ட் எது என்று பிரிப்பது முழுநேர வேலை.

லேபில் இது எப்படி இருக்கும் என்றால்:

"அக்கா, நெகட்டிவ் கண்ட்ரோல் 35ஆவது நிமிஷத்துல ஏறிடுச்சு."

"ஏறினது கரைசலா, சிப்பா?"

"தெரியலக்கா."

"என்ஸைம் போடாம ஒரு ரன் ஓட்டுப்பா. அப்புறம் பேசுவோம்."

அந்த அக்கா சொன்னதில் பாதிப் படிப்பு இருக்கிறது. என்ஸைம் இல்லாவிட்டால் பெருக்கமே நடக்காது. அப்போதும் கோடு ஏறினால் குற்றவாளி சிப். ஏறவில்லை என்றால் பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டிப் பெருகியிருக்கும், அல்லது பழைய ரன்னின் டி.என்.ஏ. எங்கிருந்தோ கலந்திருக்கும். லேம்பில் நேரம் கடந்து ஏறும் பொய்ப் பாசிட்டிவ் வழக்கமான தலைவலி. டெம்ப்ளேட் இல்லாத கண்ட்ரோல் பயோடெக் மாணவிக்குத் தெரியும். என்ஸைம் இல்லாத கண்ட்ரோல் ஏன் வேண்டும் என்பது சிப்பின் குணம் தெரிந்தவருக்குத்தான் தோன்றும்.

அடுத்தது பேக்கேஜிங். கல்லூரியில் இதை ஒரு அத்தியாயமாகக்கூட நடத்துவதில்லை. சாதாரண சிப்பைத் தண்ணீர் படாமல் முழுக்க மூடிவிடலாம். இங்கே சிப்பின் நடுவில் உப்புக்கரைசல் நிற்க வேண்டும், ஓரத்தில் இருக்கும் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளில் அது படக்கூடாது. இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. எபாக்ஸி கொஞ்சம் அதிகம் வழிந்தால் சென்சார்கள் மூடிப்போகும். குறைந்தால் கரைசல் கசிந்து கம்பிகள் ஷார்ட் ஆகும். எல்லாம் சரியாக அமைந்தாலும், 63 டிகிரிக்குச் சூடேறும்போது கரைசலில் கரைந்திருந்த காற்று குமிழியாக வெளியே வரும். ஒரு குமிழி சென்சார் மேல் உட்கார்ந்தால் ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடுக்கான வழி அடைபட்டு, அந்தப் பகுதியின் அளவீடு எங்கோ போய் நிற்கும். இதைச் சமாளிக்கத் தெரிந்த மெக்கானிக்கல் ஆளுக்கு இந்தத் துறையில் இருக்கும் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது மாதிரி தயாரிப்பு. செப்சிஸ் நோயாளியின் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிலிட்டரில் பாக்டீரியா ஒன்றோ பத்தோதான் இருக்கலாம். கூடவே சுமார் 500 கோடி சிவப்பணுக்கள். எடுப்பது 10 மில்லிலிட்டர் ரத்தம், சிப் மேல் நிற்பது சில மைக்ரோலிட்டர். அந்தச் சில பாக்டீரியாக்களையும் தவறவிடாமல், ரத்தத்தின் தடைப்பொருட்களைக் கூடவே அழைத்துவராமல், ஆயிரம் மடங்கு சுருக்கிக் கொண்டுவர வேண்டும். இதற்கு முன்னால் டிரான்சிஸ்டர் வடிவமைப்பு சுகமான வேலை.

ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கும்போதும் கண் இங்கேதான் இருக்க வேண்டும். இம்பீரியலில் பான்டெலிஸ் ஜார்ஜியூ குழு 2021இல் வெளியிட்ட கையடக்கக் கருவி கொரோனா ஆர்.என்.ஏ.வை 20 நிமிடத்துக்குள் கண்டுபிடித்தது. அருமையான வேலை. ஆனால் அந்த 20 நிமிடம், மாதிரியிலிருந்து ஏற்கெனவே பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வுக்கு. அதைத் தலைப்பிலேயே நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். பிரித்தெடுக்கும் நேரத்தையும் ஆளையும் யார் கணக்கில் வைப்பது என்ற இடத்தில்தான் ஆய்வு முடிந்து தயாரிப்பு தொடங்குகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் பெரும்பகுதி அதற்கு அந்தப் பக்கம்தான்.

யாருக்கு என்ன வேலை?

ஈ.சி.ஈ., ஈ.ஐ.ஈ. படித்தவர்கள் அனலாக்கை விடாதீர்கள். கேம்பஸில் டிஜிட்டல் வெரிஃபிகேஷன் வேலை எளிதாகக் கிடைக்கிறது, தொடக்கச் சம்பளமும் அங்கே கூடுதல்தான். அதை மறைத்து ஆசை காட்ட விரும்பவில்லை. ஆனால் மெதுவான, சின்ன, இரைச்சல் நிறைந்த சிக்னலைக் கையாளத் தெரிந்தவர் குளுக்கோஸ் மீட்டர், ஈ.சி.ஜி., எரிவாயு சென்சார் என்று எங்கு வேண்டுமானாலும் போகலாம். மாறா மின்னோட்ட பயாஸ், குறைந்த இரைச்சல் ஆம்ப்ளிஃபயர், ஏ.டி.சி. இந்த மூன்றும் கைவசம் இருந்தால் போதும், மற்றதை வேலையில் கற்றுக்கொள்ளலாம்.

பயோடெக், மைக்ரோபயாலஜி படித்தவர்களுக்கு அஸே டெவலப்மென்ட்தான் வாசல்: பிரைமர் வரைவது, கண்டறிதல் எல்லையைத் தீர்மானிப்பது, ரியேஜெண்டை உலர்த்தி கார்ட்ரிட்ஜுக்குள் வைப்பது. குளிர்பதனம் இல்லாத இடத்துக்குப் போகும் பொருள் என்றால் உலர்த்துவதே பாதி வெற்றி. கூடவே சிப்புக்கென்று ஒரு சிறப்புச் சிக்கலும் உண்டு. வழக்கமான லேம்ப் கலவையில் டிரிஸ் என்ற பஃபர் 20 மில்லிமோலார் இருக்கும். வெளிவரும் புரோட்டான்களை அது விழுங்கிவிடும், சிப்புக்கு எதுவும் தெரியாது. அதனால் டிரிஸ்ஸைப் பெரிதும் குறைத்துக் கலவை தயாரிக்க வேண்டும். அப்படித் தயாரித்த பிறகும், டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் கிட்டின் கடைசி பஃபரில் டிரிஸ் ஒளிந்துகொண்டு கூடவே வரும். தண்ணீரில் எடுங்கள் என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பவர் நல்ல மேலாளர்.

மெக்கானிக்கல்காரர்களுக்குக் கார்ட்ரிட்ஜ், பேக்கேஜிங், இன்ஜெக்‌ஷன் மோல்டிங். டேட்டா பக்கம் இருப்பவர்களுக்கு, ஆயிரக்கணக்கான சென்சார்களின் கோடுகளிலிருந்து "பாசிட்டிவ்" என்ற ஒற்றைச் சொல்லை எடுக்கும் வேலை. பைத்தானும் புள்ளியியலும் போதும், பெரிய ஏ.ஐ. மாடல் வேண்டியதில்லை.

டி.எம்.எல்.டி. முடித்தவர்களை இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. அது தவறு. கருவி எங்கே சொதப்பும் என்று, நாளுக்கு நூறு மாதிரி பார்க்கும் டெக்னீஷியனுக்குத் தெரிவதுபோல் வடிவமைப்பாளருக்குத் தெரியாது. கள ஆய்வு, பயிற்சி, அப்ளிகேஷன் சப்போர்ட் பணிகளுக்கு அவர்கள்தான் பொருத்தம்.

கிராஃபீன், பெருக்கமே இல்லாமல் நேரடியாக டி.என்.ஏ.வைக் கண்டறிவது போன்றவற்றில் ஆசை இருந்தால் பிஎச்.டி. பக்கம் போங்கள். 2019இல் கியானா ஆரன் குழு கிரிஸ்பரையும் கிராஃபீன் டிரான்சிஸ்டரையும் இணைத்துச் செய்தது உற்சாகமான வேலை. ஆனால் உடலின் உப்புச் செறிவில் சென்சாரின் மின்புலம் மேற்பரப்பிலிருந்து ஒரு நானோமீட்டர் தூரம்கூட எட்டாது. அதைத் தாண்டி நீளும் டி.என்.ஏ.வின் மின்னூட்டத்தைப் பார்ப்பது கடினம். நாளைக்கே வேலை வேண்டும் என்பவருக்கு அது உகந்த பாதை அல்ல.

ரெஸ்யூமேயில் எழுத ஒரு செய்முறை

"பயோசென்சாரில் ஆர்வம் உள்ளது" என்ற வரிக்கு மதிப்பு இல்லை. இறுதியாண்டில் ஈ.சி.ஈ. மாணவரும் பயோடெக் மாணவியும் சேர்ந்து, கல்லூரி லேபிலேயே இதைச் செய்யலாம்.

ஈ.சி.ஈ. பக்கம்: சி.டி.4007 என்ற பழைய ஐ.சி. ஒன்று, ஐ.டி.ஓ. பூசிய கண்ணாடித் துண்டு ஒன்று, வெள்ளி–வெள்ளிக் குளோரைடு எலெக்ட்ரோடு ஒன்று. கண்ணாடித் துண்டை ஐ.சி.க்குள் இருக்கும் மாஸ்ஃபெட்டின் கேட்டோடு இணையுங்கள். கேட் இப்போது நீண்டு வந்து பீக்கருக்குள் நிற்கிறது, டிரான்சிஸ்டர் நனையாமல் வெளியே இருக்கிறது. கெமிஸ்ட்ரி லேபில் இருக்கும் 4, 7, 9.2 பஃபர்களை மாற்றி மாற்றி வைத்து மின்னழுத்தத்தை அளந்தால் ஒரு கோடு கிடைக்கும். ஒரு பி.எச்.க்கு 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் நல்ல தொடக்கம். பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்தி ரிப்போர்ட் எழுதிவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். 7 பஃபரிலேயே வைத்து, இரவு முழுக்க நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்யுங்கள். காலையில் கிடைக்கும் அந்த வளைந்த கோட்டை ரெஸ்யூமேயில் சேருங்கள், அதை எப்படிக் கழித்தீர்கள் என்பதோடு. நேர்முகத் தேர்வில் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

பயோடெக் பக்கம்: ஃபீனால் ரெட் கலந்த, பஃபர் குறைந்த லேம்ப் கலவை. டெம்ப்ளேட்டுக்கு லாம்டா டி.என்.ஏ. போதும், நோய்க்கிருமி எதுவும் வேண்டாம். 65 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் அரை மணி. பெருக்கம் நடந்தால் இளஞ்சிவப்பு மஞ்சளாகும். சிப் பார்ப்பதும் இதே வேதியியலைத்தான், இங்கே கண் பார்க்கிறது. கலவையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைந்தே அது மஞ்சள் பக்கம் போய்விடும். வினை முடிந்த குழாயை எக்காரணம் கொண்டும் லேபுக்குள் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான நகல்களில் கொஞ்சம் பைப்பெட்டில் ஏறினால், அடுத்த சில வாரங்களுக்கு உங்கள் நெகட்டிவ் எல்லாம் பாசிட்டிவ்தான். கலவை தயாரிக்கும் மேசையும் வினை நடக்கும் மேசையும் வேறு வேறாக இருக்கட்டும்.

இந்தியாவில் எங்கே போவது?

இங்கே ஐஸ்ஃபெட் வைத்த டி.என்.ஏ. கருவியை விற்கும் நிறுவனங்களை மட்டும் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கொஞ்சம் அகலமாகப் பாருங்கள். கோவாவின் மோல்பியோவும் பெங்களூருவின் பிக்டெக்கும் கொண்டுவந்த ட்ரூநாட் பேட்டரியில் ஓடும் மைக்ரோ பி.சி.ஆர். கருவி. காசநோய்க்கு 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றது. அதுவும் சிப்பில்தான் ஓடுகிறது, ஆனால் வாசிப்பது ஒளிவழியில். மாதிரி தயாரிப்பு, உலர்ந்த ரியேஜெண்ட், தூசியிலும் வெயிலிலும் ஓடும் கருவி, கள ஆய்வு எல்லாம் அங்கேயும் அதேதான். அப்படியோர் இடத்தில் மூன்றாண்டு வேலை பார்த்தவர் எந்த ஐஸ்ஃபெட் ஸ்டார்ட்அப்புக்கும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

கை பழக: ஐ.ஐ.எஸ்சி., ஐ.ஐ.டி. மெட்ராஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் நானோ ஃபேப் வசதிகளை வெளியாரும் பயன்படுத்த, மத்திய அரசின் நானோ எலெக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டம் இருக்கிறது. பயிற்சி முகாம்களும் நடக்கும். 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டத்தில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். இருந்தால் வடிவமைப்பு மென்பொருளும், மொஹாலி செமிகண்டக்டர் லேபின் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் சிப் செய்துபார்க்கும் வழியும் கிடைக்கும். ஐஸ்ஃபெட்டுக்கு 180 தாராளம். இங்கே நானோமீட்டர் பந்தயம் கிடையாது, பழைய தொழில்நுட்பம்தான் மலிவாகவும் வசதியாகவும் இருக்கிறது. சொந்தமாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் பைராக் அமைப்பு தரும் பிக் மானியம் உண்டு, 50 லட்சம் ரூபாய் வரை.

ஒழுங்குமுறைப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி பரிசோதனைக் கருவிகள் ஏ முதல் டி வரை வகுக்கப்படுகின்றன. வகுப்பு உயர உயர ஆவணமும் ஆய்வும் கூடும். ஐ.எஸ்.ஓ. 13485 தரநிலை தெரிந்த, லேப் நோட்டை ஒழுங்காக எழுதும் இளைஞர் கிடைத்தால் எந்த நிறுவனமும் விடாது. எழுத்து வேலை என்று முகம் சுளிக்காதீர்கள். கருவி சந்தைக்குப் போகுமா என்பது பல சமயம் அந்த மேசையில்தான் முடிவாகிறது.

நேர்முகத் தேர்வில்

59 மில்லிவோல்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை ஒப்பிக்காமல், 63 டிகிரியில் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுச் சொல்லுங்கள். நெகட்டிவ் கண்ட்ரோல் ஏறினால் என்ன செய்வீர்கள் என்பார்கள், அந்த அக்காவின் பதில் இருக்கிறது. டிரிஃப்டை எப்படிக் கழிப்பீர்கள் என்றால், பக்கத்திலேயே டெம்ப்ளேட் இல்லாத கிணறு ஒன்றை வைத்து இரண்டின் வித்தியாசத்தை எடுப்பேன் என்று தொடங்கலாம். உடனே "அந்த இரண்டு சென்சாரும் ஒரே மாதிரி டிரிஃப்ட் ஆகும் என்று யார் சொன்னது?" என்று திருப்புவார்கள். அங்கே திணறினால் பரவாயில்லை, அவர்களும் அதில்தான் திணறிக்கொண்டிருக்கிறார்கள்.

"நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள் கடைசியில். சம்பளத்தைக் கேட்கும் முன் மூன்றைக் கேளுங்கள். டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது உங்கள் கார்ட்ரிட்ஜுக்குள் நடக்கிறதா, வெளியே ஒரு கிட்டில் நடக்கிறதா? உண்மையான நோயாளி மாதிரிகளை இதுவரை எந்த மருத்துவமனையிலிருந்து வாங்கியிருக்கிறீர்கள், நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்கிறதா? ஒரு பேட்ச் கார்ட்ரிட்ஜுக்கும் அடுத்த பேட்சுக்கும் முடிவு எவ்வளவு மாறுகிறது? முதல் கேள்விக்கு "அது அடுத்த ஃபேஸ்" என்று பதில் வந்தால், நீங்கள் சேரப்போவது ஓர் ஆராய்ச்சி லேபில். மோசமான இடம் அல்ல, ஆனால் கருவி விற்பனைக்கு வரும்வரை உங்களுக்குச் சம்பளம் தர அவர்களிடம் பணம் இருக்கிறதா என்பதை நான்காவது கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.